டிரம் ஸ்மோக்கருக்கு ஃபயர்பாக்ஸ் எவ்வளவு பெரிசு வைக்கணும்? பாதி டிரம் வைத்தால் கூடுதலா?

சிரட்டைக்கரி (கருங்கல்) கேட்டது:

அண்ணன்மாருக்கு வணக்கம். கிறிஸ்துமசுக்கு முன்னால் வீட்டில் ஒரு ஸ்மோக்கர் செய்து முடித்துவிட வேண்டும் என்று இறங்கியிருக்கிறேன். தணலுக்கு மேலே கம்பி வைத்துச் சுடுகிற கிரில் இல்லை. பக்கத்தில் தனியாக ஒரு பெட்டியில் (அதுதான் ஃபயர்பாக்ஸ்) விறகு எரியும், அதன் சூடும் புகையும் மட்டும் இறைச்சி இருக்கும் அறைக்குள்ளே போய், குழாய் வழியாக வெளியேறும், நாலைந்து மணி நேரம் மெதுவாக வேகும், அந்த வகை. சவுதியில் இருந்தபோது கேம்பில் ஒரு அமெரிக்கக்காரர் இப்படி ஒன்று வைத்திருந்தார், அதில் தின்ற கோழி ருசி ஊருக்கு வந்து மூன்று வருடம் ஆகியும் நாக்கை விட்டுப் போகவில்லை.

கையில் இருப்பது இவ்வளவுதான்: சமையல் எண்ணெய் வந்த 200 லிட்டர் இரும்பு டிரம் இரண்டு, மோட்டார் லைன் மாற்றியபோது மிஞ்சிய ஜி.ஐ. பைப் கொஞ்சம், ஆங்கிள் துண்டுகள். ஒரு டிரம்மைப் படுக்கப் போட்டு இறைச்சி வைக்கும் அறையாக்கிவிடுவேன், அதில் குழப்பம் இல்லை. இரண்டாவது டிரம்மைப் பாதியாக அறுத்து ஃபயர்பாக்ஸாக ஒட்டலாம் என்று நினைத்தேன். (தமிழில் தீப்பெட்டி என்று எழுதத்தான் ஆசை, ஆனால் கடையில் கேட்டால் சிவகாசிச் சரக்கை எடுத்து நீட்டுவார்கள்.) மாமா ஒருத்தர் வந்து பார்த்துவிட்டு, "தீக்கு இடம் கூடுதலா இருந்தா நல்லதுதானே, சின்னதாப் போச்சுன்னா அப்புறம் என்ன செய்வ" என்கிறார். எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது. ஆனால் வெல்டிங் வைத்த பிறகு பிரிக்க முடியாதே என்று ஒரு பயம்.

அளவுக்கு ஏதாவது கணக்கு இருக்கிறதா? பெட்டிக்கும் டிரம்முக்கும் நடுவே ஓட்டை எவ்வளவு? தகடு எவ்வளவு கனம்? விறகுக்குப் பஞ்சம் இல்லை, புளி, பலா, ரப்பர் எல்லாம் விளையில் (தோட்டத்தில்) கிடக்கிறது.

லேத்துப்பட்டறை (தக்கலை) எழுதியது:

தம்பி, வெல்டிங் வைப்பதற்கு முன்னால் கேட்டாயே, அதுவே பாதி வேலை முடிந்த மாதிரி. என்னிடம் பலபேர் ஒட்டிய பிறகுதான் வருவார்கள்.

கணக்கு இருக்கிறது. ஸ்மோக்கர் கட்டுகிறவர்கள் பரவலாகப் பிடித்துக்கொள்வது, இறைச்சி அறையின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு ஃபயர்பாக்ஸ். உன் டிரம்மின் உள்விட்டம் சுமார் 57 செ.மீ., நீளம் சுமார் 85 செ.மீ., ஆக உள்ளே கிட்டத்தட்ட 217 லிட்டர் வரும். மூன்றில் ஒன்று 72 லிட்டர். சதுரப் பெட்டியாகச் செய்தால் நீளம், அகலம், உயரம் மூன்றும் 42 செ.மீ. வைத்தால் 74 லிட்டர், அது போதும். பாதி டிரம் என்றால் 108 லிட்டர், அதாவது இறைச்சி அறையில் சரிபாதி. தேவைக்கு ஒன்றரை மடங்கு.

இனி ஓட்டைகள். பலரும் பெட்டியின் அளவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், வேலை கெடுவது ஓட்டையில்தான். பெட்டியிலிருந்து டிரம்முக்குப் போகும் வழிக்கு, பெட்டியின் கொள்ளளவைக் கன இஞ்ச்சில் எடுத்து 0.008 ஆல் பெருக்கினால் சதுர இஞ்ச்சில் விடை வரும். 72 லிட்டர் என்பது ஏறக்குறைய 4,400 கன இஞ்ச், ஆக ஓட்டை 35 சதுர இஞ்ச், நம் கணக்கில் 228 சதுர செ.மீ. காற்று உள்ளே வரும் வாய்க்கு அதே மாதிரி 0.003, அது 13 சதுர இஞ்ச், 85 சதுர செ.மீ. 17-க்கு 5 செ.மீ. என்று ஒரு நீள ஓட்டை வெட்டி, மேலே தள்ளுகிற மாதிரி ஒரு தகடு போட்டுவிடு. முழுசாக மூடவும் முழுசாகத் திறக்கவும் வர வேண்டும்.

228 சதுர செ.மீ. ஓட்டையை எப்படி வெட்டுவது என்று கேட்பாய். படுக்கப் போட்ட டிரம்மின் கோடியில் இருக்கிற வட்டத் தகட்டில், அடியிலிருந்து 8 செ.மீ. கொஞ்சம் கூடுதலாக உயரத்தில் ஒரு நேர்கோடு போடு. கோட்டுக்குக் கீழே இருக்கிற பிறைத்துண்டை வெட்டி எடுத்தால் சரியாக அந்தப் பரப்பு வந்துவிடும். கோட்டின் நீளம் 40 செ.மீ. இருக்கும், உன் பெட்டியின் உள்ளகலம் 42, கச்சிதமாக உட்காரும். பெட்டியை டிரம்முக்குச் சமமாக ஒட்டாதே, கீழே இறக்கி ஒட்டு. பெட்டியின் மேல்தகடு டிரம்மின் அடியிலிருந்து 10, 12 செ.மீ. மேலே இருந்தால் போதும், மீதி எல்லாம் கீழே தொங்கட்டும். தீ கீழே, வழி மேலே, அப்போதுதான் சூடு தானாக ஏறி உள்ளே இழுக்கும்.

தகடு: டிரம் தகடு 1 எம்.எம். அளவுதான். இறைச்சி அறைக்கு அது போதும், தீக்குப் போதாது, கொஞ்ச காலத்தில் கோணும், அப்புறம் துருப்பிடித்து உதிரும். அமெரிக்காவில் டெக்ஸாஸ் பக்கம் பழைய எண்ணெய்க் குழாயிலும் கேஸ் டாங்கியிலும் செய்கிறவர்கள் கால் இஞ்ச் கனம் போடுகிறார்கள், நம் கணக்கில் 6 எம்.எம். அது நல்லதுதான், ஆனால் 42 செ.மீ. பெட்டிக்கு ஆறு பக்கமும் 6 எம்.எம். போட்டால் பெட்டி மட்டுமே 50 கிலோ. காலி டிரம் 20 கிலோகூட வராது. 50 கிலோவை அந்த மெல்லிய தகட்டில் தொங்கவிட்டால் கிழித்துக்கொண்டு வரும். பெட்டிக்குத் தனியாக நாலு கால் கொடு, பாரம் முழுக்கத் தரையில் இறங்கட்டும், டிரம்முக்கும் பெட்டிக்கும் சும்மா ஒரு ஒட்டு இருந்தால் போதும். 4 அல்லது 5 எம்.எம். பிளேட் பழைய இரும்புக் கடையில் கிடைத்தால் எடுத்துக்கொள், வீட்டு உபயோகத்துக்கு அது தாராளம்.

அந்த ஜி.ஐ. பைப்பைத் தீப் பக்கம் கொண்டு போகவே போகாதே. மேலே இருப்பது துத்தநாகப் பூச்சு, வெல்டிங் வைக்கும்போது வருகிற வெள்ளைப் புகையை மூச்சில் இழுத்தால் அன்று ராத்திரி குளிரும் காய்ச்சலும் உறுதி. நான் பட்டிருக்கிறேன். புகைக்குழாய்க்குச் சாதா எம்.எஸ். (பூச்சில்லாத இரும்பு) பைப் 4 இஞ்ச் வாங்கு. இன்னொன்று, யாராவது பழைய கேஸ் சிலிண்டரை அறுத்துப் பெட்டி செய்யலாம் என்று யோசனை சொல்வார்கள், காதில் போட்டுக்கொள்ளாதே.

புகைப்புரை (குலசேகரம்) எழுதியது:

தக்கலைக்காரர் கணக்கு சரி. நான் கணக்குச் சொல்லவில்லை, நான் செய்த மடத்தனத்தைச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் ரப்பர் ஷீட் புகைபோடும் புரை இருக்கிறது, அப்பா காலத்தது. ஷீட்டுக்கு 40 முதல் 60 டிகிரி சூடு, நாலு நாள் பக்கம் மெதுவாகப் புகை, அதற்குப் பச்சை விறகையும் கதம்பலையும் (தேங்காய் மட்டை) போட்டு மூட்டமாக வைத்தாலும் ஒன்றும் மோசமில்லை, ஷீட்டை யாரும் தின்னப் போவதில்லையே. அந்தப் பழக்கத்தில் நான் இறைச்சிக்கு ஸ்மோக்கர் செய்தேன். உன் மாமா மாதிரியே யோசித்து, இறைச்சி அறைக்குச் சமமான அளவில் பெரிய பெட்டி வைத்தேன். முதல் தடவை பெட்டிக்குத் தகுந்த தீயாகப் போட்டதில் அரை மணி நேரத்தில் 200 டிகிரி தாண்டிப் போய்விட்டது. பயந்து காற்று வாயை மூடினேன். சூடு இறங்கியது, ஆனால் தீ அணைந்து விறகு புகைய ஆரம்பித்தது. குழாயிலிருந்து வெள்ளையாக, கட்டியாக, பஞ்சு மாதிரிப் புகை. நாங்கள் எல்லாரும் ஆகா என்ன புகை என்று சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டு நின்றோம். அஞ்சு மணி நேரம் கழித்துத் திறந்தால் பன்றித் துண்டு முழுக்கக் கறுப்பாக, பசை மாதிரி, வாயில் வைத்தால் கைப்பு, நாக்கு மரத்துப் போச்சு. நாய்கூட மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. என் மனைவி இன்றைக்கும் அதை "ரப்பர் கறி" என்றுதான் சொல்கிறாள்.

பெரிய பெட்டியின் கேடு இதுதான் தம்பி. உனக்குத் தேவையான சூடு 110 முதல் 135 டிகிரி. அதற்குச் சின்னத் தீ போதும், ஆனால் அந்தச் சின்னத் தீ நன்றாகக் கொழுந்து விட்டு எரிய வேண்டும். பெட்டி பெரிசாக இருந்தால் சின்னத் தீயின் சூட்டைப் பெட்டியின் இரும்பே தின்றுவிடும், பெட்டிக்குள் போதிய சூடு நிற்காது, விறகிலிருந்து வருகிற வாயு முழுசாக எரியாமல் அப்படியே புகையாகப் போய் இறைச்சியில் தாராகப் படியும். சரி என்று பெரிய தீ போட்டால் சூடு ஏறிவிடும், உடனே காற்றை அடைக்கத் தோன்றும், அடைத்தால் மறுபடி அதே வெள்ளைப் புகை. நல்ல புகை கண்ணுக்குச் சரியாகத் தெரியவே தெரியாது. குழாய் வாயில் லேசாக நீலம் ஓடும், அதற்குப் பின்னால் நிற்கிற தென்னை மரம் வெயிலில் நெளிகிற மாதிரி தெரியும், அவ்வளவுதான்.

அதற்காக ரொம்பச் சின்னதாகவும் வைத்துவிடாதே. என் மச்சினன் ஒருத்தன், என் கதையைக் கேட்டுவிட்டு 30 லிட்டர் பெட்டி வைத்தான். விறகை ஒரு சாண் நீளத்துக்கு வெட்ட வேண்டியிருந்தது, பத்து நிமிஷத்துக்கு ஒருதடவை எழுந்து போய்ப் போட வேண்டியிருந்தது, சாம்பல் நிறைந்து காற்று வாயை அடைத்துவிட்டது. ராத்திரி கரோல் பாட வந்தவர்களோடு உட்கார்ந்து பேசக்கூட அவனால் முடியவில்லை. 42 செ.மீ. பெட்டி என்றால் 30, 35 செ.மீ. நீளத்துக்கு, மணிக்கட்டு கனத்துக்கு வெட்டுக்கத்தியால் பிளந்து வைத்துக்கொள். அரை மணி அல்லது முக்கால் மணி நேரத்துக்கு ஒரு துண்டு. தீக்கு அடியில் கம்பித் தட்டு ஒன்று, பெட்டியின் அடித்தகட்டிலிருந்து 8, 10 செ.மீ. உயரத்தில் வை, சாம்பல் கீழே விழட்டும், தீ மேலே மூச்சு விடட்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் தக்கலைக்காரரின் கணக்கு முறையை நான் முழுசாக ஏற்க மாட்டேன். அவர் புகைக்குழாயின் கணக்கைச் சொல்லவில்லை. அதே கணக்கில் பெட்டியின் கொள்ளளவை 0.022 ஆல் பெருக்கினால் குழாயின் கொள்ளளவு என்று ஒன்று உண்டு, அதன்படி 4 இஞ்ச் பைப் 20 செ.மீ. நீளம் இருந்தால் போதும் என்று வரும். 20 செ.மீ. குழாய் எங்கள் பக்கத்து மழைக்காலக் காற்றில் என்னத்தை இழுக்கும்? இரண்டரை அடியாவது வை. நீளமாக இருந்து இழுப்பு கூடினால் காற்று வாயைக் குறைத்துக்கொள்ளலாம், குட்டையாக இருந்து இழுக்காமல் போனால் ஒன்றும் செய்ய முடியாது.

விறகு: புளி நல்ல கனம், தணல் நிற்கும். பலாவும் அயனியும் நான் போட்டிருக்கிறேன், குறை சொல்ல முடியாது. கொய்யா கிடைத்தால் விடாதே. ரப்பர் சீக்கிரம் எரிந்துவிடும், பற்ற வைக்க வைத்துக்கொள், ஆனால் மில்லில் மருந்தில் முக்கிய பலகைத் துண்டு வேண்டவே வேண்டாம். எதுவாக இருந்தாலும் பிளந்து ஆறு மாதமாவது காய்ந்ததாக இருக்கட்டும். அப்புறம், பக்கத்தில் அண்டியாபீஸ் (முந்திரி ஆலை) இருந்தால் அண்டித்தோடு (முந்திரிக்கொட்டைத் தோடு) மலிவாகக் கிடைக்கிறதே என்று அதைப் போட்டுவிடாதே மக்களே. அந்த எண்ணெய் பட்டால் கை வெந்து போவது நம் ஊரில் தெரியாதவர்கள் இல்லை, அதன் புகையைக் கறியில் ஏற்றக்கூடாது.

வள்ளவிளைக்கடல் எழுதியது:

எல்லாரும் சண்டைக்கு வரலாம், ஆனாலும் சொல்கிறேன். இவ்வளவு கணக்கு எதற்கு? ஃபயர்பாக்ஸே இல்லாமல் செய்யலாமே.

டிரம்மை நிமிர்த்தி வை. அடியில் ஒரு கம்பிக் கூடை, அதில் சிரட்டைக்கரி (பேரிலேயே வைத்திருக்கிறாய்!), அதற்கு இரண்டு அடி மேலே இறைச்சிக்குக் கம்பி. அடிப்பக்கம் சுற்றி முக்கால் இஞ்ச் ஓட்டை நாலு, ஒன்றுக்கு மட்டும் பால் வால்வ் (கைப்பிடி திருப்பித் திறந்து மூடுகிற வால்வு) போட்டுக்கொள், மற்றதைத் தேவைக்கு அடைக்கலாம் திறக்கலாம். மூடியில் அரை இஞ்ச் ஓட்டை எட்டு. கரி நடுவில் இரண்டு புளியங்கட்டையைச் செருகிவிட்டு, மேலே கொஞ்சம் எரிகிற கரியைக் கொட்டினால் ஒரு கூடையில் பல மணி நேரம் ஓடும். நான் கடலுக்குப் போகாத நாட்களில் சூரையும் நெய்மீனும் இதில்தான் போடுகிறேன். ஒரு டிரம், ஒரு நாள் வேலை, வெல்டிங்கே கிட்டத்தட்ட இல்லை.

எங்கள் கரையில் எதைச் செய்தாலும் உப்புக் காற்று இரண்டு வருஷத்தில் தின்றுவிடும், 6 எம்.எம். பிளேட்டுக்குக் காசைக் கொட்டி என்ன செய்ய.

லேத்துப்பட்டறை (தக்கலை) எழுதியது:

கடல்காரரே, நீங்கள் சொல்வதும் நல்ல சாமான்தான், சண்டை இல்லை. ஆனால் அது கரியில் ஓடுகிற சாமான். தம்பிக்கு விளை நிறைய விறகு கிடக்கிறது, அவர் கேட்டது விறகுத் தீ. நிமிர்ந்த டிரம்மில் இறைச்சியின் கொழுப்பு நேராகத் தணலில் சொட்டும், அந்த ருசி வேறு, சிலருக்கு அதுதான் பிடிக்கும். படுக்கப் போட்ட 217 லிட்டர் டிரம்மில் எட்டுப் பத்து கோழியைப் பிளந்து பரப்பலாம், உங்களுடைய வட்டத்தில் நாலு.

கொழுப்பு என்றதும் ஞாபகம் வந்தது. தம்பி, உன் பெட்டி டிரம்முக்குக் கீழே தொங்குகிறது, பிறை ஓட்டை டிரம்மின் அடியில். டிரம் நேர்மட்டமாக இருந்தால் பன்றிக்கொழுப்பு உருகி அந்த ஓட்டை வழியாக நேராகத் தீயில் போய் விழும், அப்புறம் அது ஸ்மோக்கர் இல்லை, பந்தம். புகைக்குழாய்ப் பக்கம் ஒரு விரல் தாழ்வாக இருக்கிற மாதிரிக் கால்களை வெட்டு, அந்தக் கோடியில் அடியில் அரை இஞ்ச் ஓட்டை போட்டு ஒரு டப்பாவைத் தொங்கவிடு. பிறையின் விளிம்பில் இரண்டு விரல் உயரத்துக்கு ஒரு வரம்புத் தகடும் வைத்துவிடு.

முப்பந்தல்காத்து (ஆரல்வாய்மொழி) எழுதியது:

காற்றைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லையே. நாங்கள் காற்றாடி நடுவில் குடியிருக்கிற ஆட்கள், இதில் எங்களுக்கு அனுபவம் உண்டு.

காற்று வாயை வீசுகிற காற்றுக்கு நேரே திருப்பி வைத்தால் நீங்கள் போட்ட 85 சதுர செ.மீ. கணக்கெல்லாம் பறந்து போகும், தகட்டை முக்கால் மூடினாலும் ஊதுலையில் ஊதின மாதிரித் தீ எகிறும். ஆடி மாதத்தில் எங்கள் முற்றத்தில் அப்படி ஒரு கோழி கருகியது. குழாய் வாய் காற்றைப் பார்த்து இருந்தாலும் கேடு, புகை திரும்பி வந்து காற்று வாய் வழியாக முகத்தில் அடிக்கும். குறுக்காக வையுங்கள். தென்மேற்குக் காலத்தில் ஒரு திசை, மார்கழியில் வடகிழக்கிலிருந்து வேறு திசை, ஆகவே ஸ்மோக்கரைச் சிமென்ட் போட்டு நட்டுவிடாதீர்கள். ஒரு பக்கம் சக்கரம் இருந்தால் திருப்பிக்கொள்ளலாம்.

உள்ளே செங்கல் பாவலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள், எங்கள் பக்கம் சூளை நிறைய, அதனால் நானும் செய்து பார்த்தேன். செங்கல் சூட்டைப் பிடித்து வைத்து மெதுவாக விடும், காற்று மாறினாலும் சூடு சட்டென்று ஏறி இறங்காது. ஆனால் கொள்ளளவு கணக்கு செங்கல் வைத்த பிறகு மிஞ்சுகிற இடத்துக்குத்தான். 42 செ.மீ. பெட்டியில் இரண்டு பக்கமும் ஏழரை செ.மீ. கல் வைத்தால் 27 செ.மீ.தான் மிச்சம், விறகு நிற்காது. கல் வைப்பதாக இருந்தால் பெட்டியை அந்த அளவுக்குப் பெரிதாக்க வேண்டும், அல்லது அடியில் மட்டும் ஒரு வரிசை. சாதாக் கல் தீ பட்டுப் பட்டு வெடிப்பு விடும், மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். ஆற்றுக்கல்லை எடுத்துப் போடாதீர்கள், உள்ளே ஈரம் இருந்தால் பட்டாசு மாதிரித் தெறிக்கும்.

சிரட்டைக்கரி (கருங்கல்) எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பாதி டிரம் திட்டத்தைக் கைவிட்டாச்சு. மாமாவிடம் குலசேகரம் அண்ணாச்சியின் ரப்பர் கறிக் கதையை வாசித்துக் காட்டினேன், "நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்" என்கிறார். அறுக்காத இரண்டாவது டிரம்மில் அம்மா மழைத்தண்ணீர் பிடிக்க வைத்துவிட்டாள்.

5 எம்.எம். பிளேட் கிடைத்தது, மூன்று துண்டாக, லேசாக வளைந்து. பெட்டி 40 கிலோவுக்கு மேல் வந்தது, தனிக் கால் கொடுத்திருக்கிறேன். பிறை ஓட்டையை அட்டையில் வரைந்து வெட்டிப் பார்த்துவிட்டுத்தான் டிரம்மில் வைத்தேன், சொன்ன மாதிரியே 40 செ.மீ. வந்தது. டிரம்முக்குள் பூச்சு ஏதோ இருந்தது, காலியாக வைத்து உள்ளேயே விறகு அடுக்கி நன்றாக எரித்து, கம்பிப் பிரஷால் சுரண்டி, கழுவி, தேங்காய் எண்ணெய் தடவி இன்னொரு தடவை சூடேற்றினேன். குழாய் இரண்டரை அடி.

நேற்று இறைச்சி இல்லாமல் வெறும் தீ போட்டுப் பார்த்தேன். காற்று வாய் முழுசாகத் திறந்திருந்தபோது 150 டிகிரி, பாதி மூடினால் 125-இல் வந்து நிற்கிறது, புகை வெள்ளையாக மாறவில்லை. முக்கால் மணி நேரத்துக்கு ஒரு புளித் துண்டு. அது வரைக்கும் மகிழ்ச்சி. ஆனால் மூடியில் வைத்த மீட்டர் ஒன்று சொல்கிறது, கம்பிமேல் வைத்த அடுப்பு மீட்டர் வேறு சொல்கிறது, அதுவும் பெட்டிப் பக்கம் 165, குழாய்ப் பக்கம் 115. அம்பது டிகிரி வித்தியாசம்! பெட்டி அளவில் தப்பா, ஓட்டையைச் சின்னதாக்க வேண்டுமா?

லேத்துப்பட்டறை (தக்கலை) எழுதியது:

ஓட்டையில் கை வைக்காதே. சூடு பிறை வழியாக வந்ததும் நேரே மேலே எழும்பி முதல் ஒரு அடியிலேயே கம்பியில் மோதுகிறது, அதுதான் விஷயம். 4 எம்.எம். தகடு ஒன்று, ஓட்டைக்கு மேலே ஆரம்பித்து உள்ளே 30 செ.மீ. நீளத்துக்கு, லேசாகக் கீழ்நோக்கிச் சாய்த்து வை. வெல்டிங் வைக்காதே, இரண்டு ஆங்கிளில் சும்மா உட்கார வை, முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்து எங்கே சமமாகிறதோ அங்கே விட்டுவிடு. குழாய் டிரம்முக்குள் எங்கே திறக்கிறது என்றும் பார். உச்சியில் இருந்தால் சூடு மேலேயே ஓடிப் போய்விடும், கம்பி மட்டத்துக்கு இறக்கினால் இறைச்சியைத் தடவிக்கொண்டு போகும். மூடி மீட்டரை நம்பாதே, கறி இருக்கிற இடத்துச் சூடுதான் கணக்கு.

சிரட்டைக்கரி (கருங்கல்) எழுதியது:

தகடு வைத்தேன், மூன்று தடவை தள்ளி மாற்றியதில் வித்தியாசம் 12 டிகிரிக்கு வந்துவிட்டது. குழாயை உள்ளே ஒரு முழங்கை போட்டுக் கம்பி மட்டத்துக்கு இறக்கியாச்சு. ஞாயிற்றுக்கிழமை நாலு கோழி, பிளந்து, மஞ்சளும் நல்லமிளகும் உப்பும் மட்டும் தடவி, 130 டிகிரியில் இரண்டே முக்கால் மணி நேரம். தொடையில் ஊசி மீட்டர் குத்தினபோது 78 காட்டியது, 74 தாண்டினால் போதும் என்று தெரியும், ஆனாலும் அம்மாவுக்குத் திருப்தி வேண்டுமே. தோல் மட்டும் கொஞ்சம் சவ்வு மாதிரி இருந்தது, கடைசி இருபது நிமிஷம் பெட்டிப் பக்கம் தள்ளி வைத்ததில் சரியானது. மாமா இரண்டு தொடை தின்றுவிட்டு, "பெட்டி இன்னும் கொஞ்சம் பெரிசா இருந்திருக்கலாம்" என்கிறார்.

சாம்பல் ஒரு வாளி சேர்ந்திருக்கிறது, பெட்டியிலேயே இருக்கட்டுமா, அடுத்த தடவை தீக்கு மெத்தை மாதிரி உதவுமா?

புகைப்புரை (குலசேகரம்) எழுதியது:

விடாதே, ஆறியதும் மறுநாளே வாரிவிடு. நம் ஊர் மழை ஈரத்தில் சாம்பல் நனைந்தால் அடித்தகட்டைத் தின்றுவிடும், உன் 5 எம்.எம். போன வழி தெரியாது. வாளியில் உள்ளே தணல் இல்லையே என்று கையால் இல்லாமல் குச்சியால் கிளறிப் பார்த்துவிட்டு வாழை மூட்டில் போடு. மட்டி வாழை நிற்கிறதா வீட்டில்? குலை தள்ளினால் எனக்கு ஒரு சீப்பு எடுத்து வை, கறிக்கு நான் வந்து ருசி பார்க்கிறபோது வாங்கிக்கொள்கிறேன்.